நான்கு மணி ஆராதனையை நிறுத்திய கை

1

தங்கதுரை அண்ணாச்சி, திருமுல்கேரியில் எங்கள் தமிழ் ஆராதனை நின்றுபோனது கர்த்தருடைய சித்தத்தால் அல்ல. நீங்கள் நிறுத்தினீர்கள். உங்கள் வலது கையைத் தூக்கி நிறுத்தினீர்கள்.

இந்த இதழை நடத்துகிற தம்பி ஊரிலிருந்து போன் செய்தான். "அண்ணே, நீங்க ஹைதராபாத் போயி இருவது வருசம் ஆகப் போவுதுல்லா. சார்மினார், பிரியாணின்னு ஏதாவது எழுதித் தாங்களேன்" என்றான். பிரியாணியைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதைத்தான் எழுதுவேன். இந்த இதழ் தங்கதுரை அண்ணாச்சி வீட்டுக்கும் தபாலில் போகிறது. அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் அவருடைய அப்பா நம் ஊர்க்காரர். அவர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊர்க்காரர்களே, நீங்களும் படியுங்கள். இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

2

பாலாநகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்ட வந்தவன் நான். இப்போது அதே பட்டறையில் சூப்பர்வைசர். வீடு திருமுல்கேரியில். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தெரியவில்லை. நம் ஊர்ச் சபை மாதிரி ஒன்று கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாப்டிஸ்ட் சபை இருந்தது. காலையில் தெலுங்கு ஆராதனை, அது முடிந்ததும் ஆங்கிலம், சாயங்காலம் நான்கு மணிக்குத் தமிழ். ராணுவத்தில் இருந்த தமிழர்கள் எப்போதோ ஆரம்பித்தது என்றார்கள்.

நான்கு மணி என்பது ஆராதனைக்கு உகந்த நேரமே இல்லை. மே மாதம் அந்தக் கட்டடம் அடுப்பு மாதிரி இருக்கும். ஆனாலும் வந்தார்கள். ஹப்சிகுடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் பைக்கில் வந்தார்கள். என் மனைவி எமி முன் வரிசையில் நின்று கீர்த்தனைகளை எடுத்துக் கொடுப்பாள். அவளுக்குத் தெலுங்கு கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் வரும். இங்கிலீஷ் அதுவும் இல்லை. வாரம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு இருப்பவள் நான்கு மணிக்குத் திறப்பாள். முடிந்த பிறகு பெண்கள் வேப்பமரத்தடியில் நின்று பேசுவார்கள். நான் பைக்கைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். "வாறியா இல்லியா" என்றால், "போவும், நான் நடந்து வாறேன்" என்பாள்.

என்ன பேசுவார்கள் என்று நான் கேட்டதில்லை. புளி விலை, மாப்பிள்ளை வீட்டார், மூட்டுவலி. ஆனால் தமிழில்.

3

தங்கதுரை அண்ணாச்சி அந்தச் சபையின் செயலாளர். நான் முதல் முறை போனபோது வாசலில் கையைப் பிடித்து வரவேற்றவர் அவர்தான். உறுப்பினராகச் சேர என்ன செய்ய வேண்டும் என்று அன்றைக்கே கேட்டேன்.

"அதெல்லாம் கைக்கு தம்பி?" என்றார். கைக்கு என்றால் இந்த ஊர் உருதுவில் எதற்கு என்று அர்த்தம். "வாங்க, பாடுங்க, ஜெபம் பண்ணுங்க. ஆண்டவரு மெம்பர்ஷிப் கார்டா கேக்குறாரு? நக்கோ. டென்ஷன் நக்கோ." நக்கோ என்றால் வேண்டாம்.

எனக்கும் அது வசதியாக இருந்தது. எங்கள் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. ஏனென்றால் எங்கள் பெயர்கள் எல்லாம் ஊரில் இருந்தன. வருடா வருடம் ஊர்ச் சபைக்குச் சங்கம், அதாவது உறுப்பினர் சந்தா, கட்டிவிடுவோம். கல்யாணம் ஊர்க் கோயிலில், அடக்கம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில். இங்கே சும்மா பிழைக்க வந்திருக்கிறோம் என்று நினைப்பு. பட்டறையில் வேலை இங்கே, வாடகை இங்கே, பிள்ளை பிறந்தது இங்கே, ஆனால் பெயர் மட்டும் அங்கே. தமிழ் ஆராதனைக்கு வந்த அத்தனை பேரில் இங்கே உறுப்பினராக இருந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

பாப்டிஸ்ட் சபையில் பிஷப் கிடையாது, சேகரம் கிடையாது. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது முதல் பாஸ்டரை மாற்றுவது வரை எல்லாவற்றையும் உறுப்பினர்கள் கூடிக் கை தூக்கி முடிவு செய்வார்கள். உறுப்பினர் அல்லாதவன் அந்தக் கூட்டத்துக்குள் உட்காரக்கூட முடியாது. இதை அண்ணாச்சி எங்களிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

இந்த வருடம் ஆரம்பத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்: தமிழ் ஆராதனையை ஆங்கில ஆராதனையோடு சேர்ப்பது பற்றி அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் முடிவெடுக்கப்படும். நான்கு மணி இளைஞர் ஆராதனைக்கு ஒதுக்கப்படலாம். இளைஞர் ஆராதனையை நடத்துவது அண்ணாச்சியின் மகன். கிட்டார் வாசிப்பான்.

நான் உறுப்பினராகச் சேர்வதற்கு எழுதிக் கொடுத்தேன். ஒரு ஓட்டுக்காக. அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

4

ஊரில் எனக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அது இவர்களிடம் செல்லாது. விசுவாசித்து, சொந்த வாயால் அறிக்கை செய்து, முழுக்க முங்கி எழ வேண்டும். அது அவர்களுடைய கொள்கை. அதில் எனக்குச் சண்டை இல்லை.

எமியையும் கூப்பிட்டேன். இரண்டு ஓட்டு ஆகுமே.

"நான் முங்க மாட்டேன்" என்றாள். "எங்கம்ம மடியில வச்சி எனக்கு ஊத்துன தண்ணி. ஒருக்கா கழுவினத எத்தன வாட்டி கழுவ? அவுக கணக்குக்கு எங்கம்ம பண்ணது பொய்யா?"

"ஆராதன நின்னு போவும்டி."

"நீரு முங்கும். உமக்கு அழுக்கு உண்டு."

சனிக்கிழமை தோறும் வகுப்பு. என்னோடு மூன்று தெலுங்குப் பிள்ளைகள், கல்லூரி வயது. அவர்கள் நடுவில் நான் நரைத்த மீசையோடு உட்கார்ந்திருந்தேன். வகுப்பு எடுத்தவர் தங்கதுரை அண்ணாச்சி. சபையில் எந்த உறுப்பினரும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம், பொறுப்பில் இருப்பவர் சபை முன்பாகவே பதில் சொல்ல வேண்டும், இது நம் முன்னோர் உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை என்று அவரே மேஜையைத் தட்டிச் சொன்னார். நான் மறக்கவில்லை.

பிறகு மூப்பர்கள் முன்னால் விசாரணை. எல்லாரும் தெலுங்குக்காரர்கள், நல்ல மனிதர்கள். எனக்குத் தெலுங்கு சுமாராக வரும் என்றாலும் அண்ணாச்சி மொழிபெயர்க்க உட்கார்ந்தார். "எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்று கேட்டார்கள்.

"தேதி தெரியாது" என்றேன். "சின்ன வயசுலேருந்து ஜெபம் பண்ணுதேன். அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது நெறைய பண்ணேன். அவ்வளவுதான்."

அண்ணாச்சி அதைத் தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தார். நான் சொன்னது மூன்று வரி. அவர் நிறுத்தவே இல்லை. நடுவில் 'தாகுபோது' என்று ஒரு சொல் வந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். பட்டறையில் சம்பள நாளுக்கு மறுநாள் வேலைக்கு வராதவனைச் சொல்வது. குடிகாரன். மூப்பர்கள் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். ஒருவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, நான் சொட்டு சாராயம் குடிச்சது கெடையாது. என்னய எதுக்குக் குடிகாரன்னு சொன்னீரு?"

"தம்பி, சாட்சின்னா அதுல ஒரு பாவம் வேணும்" என்றார், சிரித்துக்கொண்டே. "உங்க கதைல ஒன்னும் இல்ல. அவுங்க எப்டி பாஸ் பண்ணுவாங்க? நான் உங்களுக்கு ஹெல்ப் பண்ணேன்."

அடுத்த ஞாயிறு தெலுங்குப் பெண்கள் எமியின் கையைப் பிடித்து, "அய்யோ பாபம்" என்றார்கள். எத்தனை வருடம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாய் என்று அவர்கள் சொல்ல, இவள் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பிறகு நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் கோபம் வந்தது. "ஊருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாவ" என்றாள்.

5

முழுக்கு எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிரசங்க மேடையின் பலகைகளைத் தூக்கினால் கீழே தொட்டி. டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி நிரப்பியிருந்தார்கள். பாஸ்டர் மெலிந்த மனிதர், நான் கனத்த ஆள். என்னைத் தனியாகச் சாய்க்க அவரால் முடியாது என்று தங்கதுரை அண்ணாச்சியும் தொட்டிக்குள் இறங்கினார். பாஸ்டர் கைக்குட்டையால் என் மூக்கை மூடினார். அண்ணாச்சி முதுகைத் தாங்கினார். தண்ணீருக்குள் போய் வெளியே வந்தபோது மனசு ஒரு நிமிஷம் நிஜமாகவே இளகித்தான் போனது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். சபையார் பாடினார்கள். எமி கடைசி பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

மாலைக்குள் படம் வாட்ஸாப்பில் ஊருக்குப் போய்விட்டது. போட்டது அண்ணாச்சி. மறுவாரம் ஊரிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டான்.

"ஏல, முழுக்கு எடுத்தியா?"

"எடுத்தேன்."

"இங்க கமிட்டியில பேர வெட்டிட்டாவ. மறு ஞானஸ்நானம் எடுத்தா சட்டம் அதுதான்னு குருவானவரு சொல்லிட்டாரு. கல்லறத் தோட்டத்துலயும் எடம் கெடையாதாம்."

"அப்பா பக்கத்துல?"

"அதான் சொல்லுதேன்லா. கெடையாது."

எத்தனை வருடம் கட்டிய சங்கம். ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. போனில் கூப்பிட்டு, ஏன் செய்தாய் என்று ஒருவர் கேட்கவில்லை. ஊர்க்காரர்களுக்குப் பங்கு உண்டு என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். எமி பெயர் இன்னும் அங்கே இருக்கிறது. செத்தால் அவளுக்கு அங்கே இடம் உண்டு, எனக்குக் கிடையாது. புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைத்துவிட்டு நீங்கள் கிறிஸ்துமஸ் கேக் வெட்டுங்கள்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன் (ஹவ் என்றால் ஆமாம்): "கவலைப்படாதீங்க தம்பி. ஹவ், இனிமே நம்ம கல்லறைத் தோட்டம் உங்களுக்கு உண்டு."

6

உறுப்பினர் கூட்டம் ஞாயிறு ஆங்கில ஆராதனை முடிந்த பிறகு. பலகையில் ஒட்டிய வரிசைப்படி முதலில் ஜெபம், பிறகு புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பது, அதன் பிறகுதான் தமிழ் ஆராதனை விஷயம். என்னைச் சேர்த்துவிட்டால் அடுத்த விஷயத்துக்கு நான் கை தூக்கலாம். அதற்காகத்தான் இத்தனையும்.

புதியவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் உள்ளே இருக்கக் கூடாது. அதனால் நானும் அந்த மூன்று பிள்ளைகளும் வெளியே தாழ்வாரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் மகள் ஷைனி உள்ளே போனாள். அவள் இளைஞர் குழுவில் சேர்ந்து, பள்ளி முடிக்கும் முன்பே முழுக்கு எடுத்து உறுப்பினரானவள். அப்போது ஊரில் அவளுக்குப் பெயரே இல்லை, அதனால் வெட்ட ஒன்றும் இல்லை. போகும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "நெர்வஸ் ஆகாத டாடி" என்றாள்.

நெடுநேரம் ஆனது. உள்ளே யாரோ இங்கிலீஷில் பேசினார்கள், யாரோ தெலுங்கில் பேசினார்கள். எங்கள் நாலு பேரைச் சேர்க்க இவ்வளவு பேச்சா என்று நினைத்தேன். ஒரு பையன், "அங்கிள், உங்க பழைய குடியப் பத்தி பேசுறாங்களோ" என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கதவு திறந்தது. கூப்பிட்டார்கள். வரிசையாக நிற்கச் சொன்னார்கள். ஒவ்வொருவராக வந்து வலது கை கொடுத்தார்கள். ஐக்கியத்தின் வலது கை என்று அதற்குப் பெயர். முதல் ஆளாக அண்ணாச்சி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெல்கம் தம்பி, இன்னியிலேந்து நீங்க நம்ம ஃபேமிலி."

சந்தோஷமாக இருந்தது. "சரி அண்ணாச்சி, அடுத்து தமிழ் ஆராதன விசயம்தான?" என்றேன்.

"அது முடிஞ்சுது தம்பி."

"எப்ப?"

"இப்பதான். வரிசைய கொஞ்சம் மாத்திட்டோம். புது மெம்பர்ஸ கடைசில வச்சா, கை குடுத்து, டீ குடிச்சு, நல்லபடியா முடிக்கலாம்னு. கர்த்தருடைய சித்தம்."

மேஜையில் சமோசா வைத்திருந்தார்கள்.

7

வீட்டுக்கு வந்து ஷைனியிடம் கேட்டேன். என்ன நடந்தது, சொல்.

"ஈக்வலா இருந்துச்சு டாடி" என்றாள். "கூட்டத்துக்கு ரொம்ப பேர் நிக்கல. இங்கிலீஷோட சேக்கணும்னு பாதி, வேணாம்னு பாதி. தங்கதுரை அங்கிள்தான் கவுன்ட் பண்ணாரு. ஈக்வல்னு சொல்லிட்டு, அங்கிள் செய்யி எத்தாரு." தன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நீ?"

அவள் கீழே பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "நானும் எத்தினேன் டாடி. சேக்கணும்னுதான். தமிழ் செர்மன் நாக்கு அர்த்தம் காது, புரியாது டாடி. சின்ன வயசுலேந்து சும்மா உக்காந்திருக்கேன். ஒரு தடவ கூட புரியல. பொய்யா கை தூக்க முடியல. சாரி."

எமி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பிள்ள சொல்லுகது அவளுக்கு நெசம்" என்றாள். அன்றைக்கு நான்கு மணிக்குச் சேலை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். எங்கேயும் போகவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கு அடுத்த ஞாயிறு சேலை மாற்றவில்லை. ஆங்கில ஆராதனையில் மாதம் ஒரு தமிழ்ப் பாட்டு உண்டு என்று அறிவித்தார்கள். போனோம். அந்தப் பாட்டை அண்ணாச்சியின் மகன் கிட்டாரில் வாசிக்க, திரையில் தமிழை ஆங்கில எழுத்தில் போட்டார்கள். எமிக்குப் படிக்கத் தெரியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைக்கூட அவள் பாடாமல் நின்றாள். ஹப்சிகுடாக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். வேப்பமரத்தடியில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

என் மகள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் அவளிடம் எனக்குக் கேள்வி இல்லை. நான் கேட்டதும் சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். இதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது உங்கள் சபைதான் அண்ணாச்சி. நீங்கள் ஏன் கற்றுக்கொள்ளவில்லை?

உங்களுக்குத் தமிழ் புரியாது என்று சொல்ல முடியாது. உங்கள் அப்பா பாடிய கீர்த்தனையை எமியிடம் கேட்டு எழுதி வாங்கிப் போனவர் நீங்கள். நான் எதற்காக உறுப்பினராகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் தெரியும், விசாரணையில் தெரியும், தொட்டியில் என் முதுகைப் பிடித்தபோது தெரியும். தெரிந்துதான் என்னைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தீர்கள். போனில் கேட்டேன், ஜெபம் பண்ணுங்க என்றீர்கள். வீட்டுக்கு வந்தேன், குளிக்கிறார் என்றார்கள்.

ஊரில் பெயர் வெட்டப்பட்டவன் எழுதியதைப் போடலாமா என்று இதழ்காரத் தம்பி யோசிக்கலாம். போடு தம்பி. நான் இப்போது ஹைதராபாத்தில் உறுப்பினர். எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதை வைத்துக் கேட்கிறேன்.

அண்ணாச்சி, அடுத்த உறுப்பினர் கூட்டத்தில் நான் எழுந்து நிற்பேன். இரண்டு கேள்வி. பலகையில் ஒட்டிய வரிசையை யாரைக் கேட்டு மாற்றினீர்கள்? பாதிக்குப் பாதி நின்றபோது உங்கள் கை ஏன் அந்தப் பக்கம் போனது? நீங்கள் மேஜையைத் தட்டிச் சொன்ன சட்டப்படி, நீங்களும் எழுந்து நின்று, சபை முன்பாகப் பதில் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு வரி கூட்ட மாட்டேன். எமி உறுப்பினர் இல்லை, உள்ளே வர முடியாது. வெளியே தாழ்வாரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொல்லுங்கள்.